கத்தோய்ரா வைக்கிங் திருவிழா: டிக்கெட் வேண்டாம், மற்றதெல்லாம் வேண்டும்

எங்கள் ரயில் கத்தோய்ராவில் நிற்கவில்லை. சாந்தியாகோவில் ஏறும்போது பலகையில் 'விலகார்சியா' என்று போட்டிருந்தது. கத்தோய்ரா அதற்கு முந்தைய ஊர்தானே, எப்படியும் நிற்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். உயரமான பாலம் ஒன்றில் ஆற்றைத் தாண்டும்போது அக்கா மகன் ஜன்னல் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, "மாமா, இது நிக்கிற வேகமா தெரியலையே" என்றான். இரண்டு மாதம் காகிதம் சேர்த்து, விமானம் மாறி விமானம் ஏறி வந்து, கடைசியில் விழா நடக்கும் ஆற்றை மேலிருந்து வேடிக்கை பார்த்துக்கொண்டே கடந்து போனோம். விலகார்சியாவில் இறங்கி, டாக்சி கிடைக்காமல் அலைந்து, அடுத்த ரயிலில் திரும்பி வந்து சேர்ந்தபோது கப்பல்கள் கரையேறிவிட்டன. சண்டையும் முடிந்துவிட்டது. ஊர் மொத்தமும் சிவப்பு ஒயினில் நனைந்து சிரித்துக்கொண்டிருந்தது.

அடுத்த ஆண்டு மறுபடி போனோம். அந்த முறை எல்லாம் சரியாக அமைந்தது. இரண்டு பயணத்திலும் பட்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு இரண்டே வரி: ஸ்பெயினின் வடமேற்கில் கலீசியா என்ற பகுதி. அங்கே உல்லா ஆறு கடலில் கலக்கும் கழிமுகத்தில் கத்தோய்ரா என்ற சிற்றூர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், வடக்கு ஐரோப்பாவின் கடற்கொள்ளையர்களான வைக்கிங்குகள் இந்த ஆற்றின் வழியாகத்தான் சாந்தியாகோ என்ற யாத்திரை நகரைச் சூறையாட வந்தார்கள். அதை ஒவ்வோர் ஆகஸ்ட்டிலும் ஊர்க்காரர்கள் கப்பல், கோடரி, கூச்சல் சகிதம் நடித்துக் காட்டுகிறார்கள். 2002இல் சர்வதேச சுற்றுலா முக்கியத்துவம் கொண்ட விழா என்று ஸ்பெயின் அரசு அறிவித்தது. வரலாறு போதும், வேலையைப் பார்ப்போம்.

1. முதலில் தேதியைப் பிடியுங்கள்

விழாவின் உச்ச நாள் ஆகஸ்ட் மாதத்தின் முதல் ஞாயிறு. 2026இல் ஆகஸ்ட் 2, 2027இல் ஆகஸ்ட் 1, 2028இல் ஆகஸ்ட் 6. அதற்கு முந்தைய சில நாட்களிலேயே சந்தை, இசை, இரவு நிகழ்ச்சிகள் என்று களைகட்டிவிடும். ஆனால் கப்பல்கள் வந்து இறங்குவது ஞாயிறு நண்பகலை ஒட்டித்தான். அந்த ஓர் இறக்கத்துக்காகத்தான் இவ்வளவு பாடு.

இந்தத் தேதியை ஒரு காகிதத்தில் எழுதிவைத்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஸ்பெயினுக்கு வேண்டியது ஷெங்கன் விசா, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா அது. அதற்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்னால் விண்ணப்பிக்கலாம். அதாவது பிப்ரவரி தொடக்கத்திலிருந்தே கதவு திறந்திருக்கும். குறைந்தது 15 நாள் முன்னால் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். அந்த 15 நாளை நம்பி யாரும் உட்கார்ந்திருக்காதீர்கள். கோடை விடுமுறைக்கு ஐரோப்பா போகிறவர்கள் எல்லாரும் ஏப்ரல், மே, ஜூனில்தான் வரிசையில் நிற்பார்கள். முதல் முறை நான் மே கடைசியில் முழித்துக்கொண்டு, ஜூலை முதல் வாரத்தில்தான் ஸ்லாட் வாங்கினேன். பாஸ்போர்ட் கைக்கு வந்தது விமானத்துக்கு நாலு நாள் முன்னால். வீட்டில் அந்த மூன்று வாரமும் என்னிடம் யாரும் வாய் கொடுக்கவில்லை.

இரண்டாவது முறை மார்ச்சில் காகிதங்களைத் திரட்டி ஏப்ரலில் கொடுத்தேன். அதுதான் சரியான காலம்.

2. அறை: விசாவுக்கு முன்பே, ரத்து செய்யக்கூடியதாக

கத்தோய்ராவின் மக்கள்தொகை மூவாயிரத்துச் சொச்சம். விழாவுக்கு வருகிறவர்களோ பல்லாயிரம். ஊருக்குள் அறை கிடைக்கும் என்ற நினைப்பை இப்போதே விட்டுவிடுங்கள். தங்க மூன்று இடங்கள் உண்டு.

விலகார்சியா டி அரோசா: பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். ரயில் நிலையம், கடைத்தெரு, கடற்கரை எல்லாம் உண்டு. என் ஓட்டு இதற்குத்தான்.

சாந்தியாகோ டி கொம்போஸ்தெலா: நாற்பது கிலோமீட்டருக்குள். அறைகள் நிறைய. ஆனால் யாத்திரிகர்களும் நிறைய. ஜூலை 25 அங்கே புனித யாக்கோபு திருநாள். அது ஞாயிற்றுக்கிழமையில் வரும் ஆண்டைப் புனித ஆண்டாகக் கொண்டாடுவார்கள். அப்போது ஊரில் கால் வைக்க இடம் இருக்காது. 2027 அப்படிப்பட்ட ஆண்டு. விழாவோ அதற்கு அடுத்த ஞாயிறே. 2027இல் போகிறவர்கள் சாந்தியாகோவை மறந்துவிட்டு விலகார்சியாவிலோ பொந்தேவெத்ராவிலோ பாருங்கள்.

பொந்தேவெத்ரா: கொஞ்சம் தள்ளி, தெற்கே. அழகான பழைய நகரம். ரயில் உண்டு.

இதில் ஒரு பொறி இருக்கிறது, எனக்கு யாரும் சொல்லவில்லை. கத்தோய்ராவுக்குப் பக்கத்திலேயே கம்பாதோஸ் என்ற ஊர். அங்கே அல்பரீன்யோ வெள்ளை ஒயினுக்கென்று பெரிய விழா எடுக்கிறார்கள். அதுவும் முடிவது ஆகஸ்ட் முதல் ஞாயிற்றில்தான். ஆக ஒரே வார இறுதியில் இரண்டு திருவிழாக் கூட்டம் அந்தக் கழிமுகத்தைச் சுற்றி அறை தேடும். ஜூனில் தேடினால் மிஞ்சுவது இரண்டு மடங்கு விலையில் இருக்கும். பிப்ரவரி, மார்ச்சிலேயே எடுங்கள். இலவசமாக ரத்து செய்யலாம் என்று போட்டிருக்கும் அறையாக எடுங்கள். விசா கையில் இல்லாமல் ரீஃபண்ட் கிடைக்காத அறையில் பணம் போடக் கூடாது. வெள்ளி இரவு முதல் திங்கள் காலை வரை மூன்று இரவுகள் போதும். விலகார்சியாவில் இருவர் தங்கும் சாதாரண அறைக்கு நான் கொடுத்தது இரவுக்கு 95 யூரோ. சொகுசு ஒன்றும் இல்லை, ஜன்னலைத் திறந்தால் பின்பக்கத்துச் சுவர்.

விடுதியில் சேரும்போது ஒவ்வொருவரின் பாஸ்போர்ட்டையும் கேட்பார்கள், வீட்டு முகவரி, போன் நம்பர் எல்லாம் எழுதிக்கொள்வார்கள். அங்கே அது சட்டம். முறைத்துக்கொள்ள வேண்டாம்.

3. விசா: எல்லாருக்கும் இல்லை

பிரிட்டன், கனடா, மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்குக் குறுகிய பயணத்துக்கு ஷெங்கன் விசா வேண்டாம். பிரான்ஸ், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து போன்ற ஷெங்கன் நாடுகளின் வதிவிட அட்டை வைத்திருக்கும் நம்மவர்களுக்கும் வேண்டாம். செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டும் அட்டையும் சேர்ந்து கையில் இருந்தால் போதும். இவர்கள் நேராக நாலாம் படிக்குப் போகலாம்.

இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டில் சொந்த நாட்டிலிருந்து கிளம்புகிறவர்களும், பிரிட்டனில் விசாவில் இருக்கும் இந்தியர்களும், இலங்கையரும் விண்ணப்பித்தாக வேண்டும். எந்த நாட்டிடம்? அதிக நாள் எங்கே தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம். போர்த்துகலின் போர்த்தோ விமான நிலையத்தில் இறங்கினால் டிக்கெட் மலிவாக இருக்கலாம், அங்கிருந்து கலீசியா பக்கம்தான். ஆனால் போர்த்துகலில் ஐந்து நாள், ஸ்பெயினில் நாலு நாள் என்று திட்டம் போட்டுவிட்டு ஸ்பெயினிடம் விசா கேட்டால் திருப்பி அனுப்புவார்கள். நாட்களைக் கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டணம்: பெரியவர்களுக்கு 90 யூரோ, ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்குள் 45 யூரோ, ஆறு வயதுக்குக் கீழே இலவசம். 2024 ஜூனிலிருந்து இதுதான் விலை. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் இதற்கு மேல் தனி. விசா கிடைக்காவிட்டாலும் எதுவும் திரும்பி வராது.

இனி காகிதங்கள். மையத்தின் பட்டியலை அச்செடுத்து, அதே வரிசையில் அடுக்குங்கள். நான் கொண்டுபோனவை:

• பாஸ்போர்ட். கடந்த பத்து ஆண்டுகளுக்குள் எடுத்ததாக, ஷெங்கனை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாவதாக, இரண்டு பக்கமாவது காலியாக இருக்க வேண்டும். பழைய பாஸ்போர்ட்டுகளும் கூட.
• நிரப்பிக் கையெழுத்திட்ட படிவம், 35க்கு 45 மில்லிமீட்டர் புகைப்படம். பழைய படம் வேண்டாம்.
• பயணக் காப்பீடு. குறைந்தது 30,000 யூரோ, ஷெங்கன் நாடுகள் முழுவதற்கும், போகும் நாளிலிருந்து வரும் நாள் வரை.
• போக வர விமான முன்பதிவு. முன்பதிவுதான், வாங்கிய டிக்கெட் இல்லை.
• எல்லா இரவுகளுக்கும் அறை முன்பதிவு. ஓர் இரவு விட்டுப்போனாலும் கேள்வி வரும்.
• பேங்க் ஸ்டேட்மெண்ட், பேங்க் முத்திரையோடு. நான் ஆறு மாதத்துக்குக் கொடுத்தேன்.
• வருமான வரி ரிட்டர்ன், சம்பளச் சீட்டு, அலுவலகத்திலிருந்து லீவு லெட்டர்.
• ஒரு பக்கத்தில் கவரிங் லெட்டர், நாள்வாரித் திட்டத்தோடு.

பேங்க் கணக்கில் எவ்வளவு வேண்டும் என்பதுதான் எல்லாரும் கேட்பது. ஸ்பெயின் கணக்கில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 100 யூரோவுக்கு மேல் காட்ட வேண்டும். அவர்களுடைய குறைந்தபட்ச மாத ஊதியத்தில் பத்தில் ஒரு பங்கு என்று விதி இருப்பதால் ஆண்டுக்கு ஆண்டு தொகை ஏறும். அதைவிட முக்கியம், பணம் அங்கே எப்படி வந்தது என்பது. விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் மச்சானிடம் கைமாற்று வாங்கி மூன்று லட்சம் போட்டுக் காட்டினால் அது உதவி இல்லை, உபத்திரவம். அப்படி ஏதாவது பெரிய தொகை நியாயமாகவே வந்திருந்தால், நிலம் விற்றது, பி.எஃப். எடுத்தது என்று காரணத்துக்கான காகிதத்தையும் சேர்த்து வையுங்கள்.

அடுத்தது கவரிங் லெட்டர். நான் முதல் முறை 'வைக்கிங் விழா பார்க்க' என்று எழுதியிருந்தேன். கவுண்டரில் இருந்த பெண் படித்துவிட்டு நிமிர்ந்து, "விழா டிக்கெட் எங்கே சார்?" என்றார். டிக்கெட்டே கிடையாது, ஆற்றங்கரையில் நின்று பார்ப்பது என்றேன். அவர் நம்பவில்லை. நான் சொன்ன விதமும் நம்பும்படி இல்லை என்றுதான் நினைக்கிறேன். அடுத்த முறை ஊராட்சி வெளியிட்ட விழா அறிவிப்பை அச்செடுத்து, 'நுழைவு இலவசம்' என்ற வரியில் அடிக்கோடிட்டு லெட்டரோடு பின் அடித்துக் கொடுத்தேன். கேள்வியே இல்லை. நீங்கள் விண்ணப்பிக்கும்போது அந்த ஆண்டு அறிவிப்பு வெளிவந்திருக்காவிட்டால் முந்தைய ஆண்டுடையதை வைக்கலாம்.

கைரேகை கொடுக்க நேரில் போக வேண்டும். முன்பே ஷெங்கன் விசாவுக்குக் கொடுத்து 59 மாதம் ஆகாமல் இருந்தால் அந்தப் பதிவையே எடுத்துக்கொள்ளலாம், படிவத்தில் அதைக் குறிப்பிடுங்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போனால் பெற்றோர் இருவரின் சம்மதமும் எழுத்தில் வேண்டும். அக்கா மகனுக்கு முதல் பயணத்தின்போது பதினேழு வயது. அத்தான் அப்போது மஸ்கட்டில். அந்த ஒரு சம்மதக் கடிதத்துக்கே பத்து நாள் போனது. இப்படி யாராவது வெளிநாட்டில் இருந்தால் அந்தக் காகிதத்தை முதலில் தொடங்குங்கள்.

முடிவு பொதுவாக 15 நாளில் வரும், சிக்கல் என்றால் 45 நாள் வரை இழுக்கலாம். விசா வந்ததும் முதல் வேலை, ஒட்டிய தாளில் தேதிகள், பெயர், பாஸ்போர்ட் எண் சரியா என்று அங்கேயே பார்ப்பது.

4. கத்தோய்ராவுக்குப் போய்ச் சேர்வது

சென்னையிலிருந்து மாட்ரிட்டுக்கு நேர் விமானம் இல்லை. வளைகுடா நகரம் ஒன்றில் மாறிப் போவதுதான் எங்களுக்கு வசதியாக இருந்தது. இறங்கியதும் எல்லையில் புகைப்படமும் கைரேகையும் எடுக்கும் புதிய நுழைவுப் பதிவு முறை 2025 அக்டோபரில் தொடங்கியிருக்கிறது. வரிசை நீளும். இறங்கிய இரண்டே மணி நேரத்தில் ரயில் என்று திட்டம் போடாதீர்கள்.

மாட்ரிட்டில் சமார்தீன் நிலையத்திலிருந்து சாந்தியாகோவுக்கு அதிவேக ரயில் மூன்று மணி நேரத்தை ஒட்டி ஆகும். விலை விமான டிக்கெட் போலத்தான், முன்கூட்டி எடுத்தால் பாதி. எங்களுக்கு ஆளுக்கு 38 யூரோவில் கிடைத்தது. ஆகஸ்ட் முதல் தேதி என்றால் ஸ்பெயினில் பாதிப் பேர் விடுமுறைக்குக் கிளம்பும் நாள், கடைசி நேரத்தில் இடமே இருக்காது. டிக்கெட் எடுக்கும்போது கார்டு வேலை செய்யவில்லை என்று நான் இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால், பேங்க் ஆப்பில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நானே அணைத்து வைத்திருந்தேன். கிளம்புவதற்கு முன் அதைத் திறந்துவிடுங்கள், வரம்பையும் ஏற்றுங்கள்.

இனிதான் நான் தவறவிட்ட இடம். சாந்தியாகோவுக்கும் விலகார்சியாவுக்கும் இடையே இரண்டு பாதைகள். ஒன்று, 2015இல் திறந்த புதிய வேகப் பாதை. உயரமான பாலத்தில் உல்லா ஆற்றைத் தாண்டிக் கத்தோய்ரா நிலையத்தைத் தொடாமல் போய்விடும். இன்னொன்று பழைய பாதை, பத்ரோன் வழியாக ஊர் ஊராக நின்று வருவது. கத்தோய்ரா நிலையம் இந்தப் பழைய பாதையில் இருக்கிறது. இரண்டு ரயிலும் ஒரே நிலையத்தில், சில நேரம் பத்து நிமிட இடைவெளியில் கிளம்பும். விலையும் பத்து யூரோவுக்குள்தான்.

ஆகவே 'சாந்தியாகோவிலிருந்து விலகார்சியா' என்று தேடாதீர்கள். 'கத்தோய்ரா' என்றே சேருமிடத்தைப் போட்டுத் தேடுங்கள். ஞாயிற்றுக்கிழமை அட்டவணை வேறு, வார நாள் அட்டவணை வேறு. தேதியையும் சரியாகப் போடுங்கள். நிற்கும் ரயில்கள் ஒரு நாளைக்கு விரல் விட்டு எண்ணும் அளவுதான். திரும்பி வரும் ரயிலையும் அப்போதே எடுத்துவிடுங்கள்.

கார் வாடகைக்கு எடுக்கலாமா? மற்ற நாட்களுக்கு நல்ல யோசனை. அந்த ஞாயிறுக்கு வேண்டாம். ஊருக்கு வெகு தொலைவிலேயே நிறுத்திவிட்டு நடக்க வேண்டியிருக்கும், அதோடு ஒயின் குடித்துவிட்டு யார் ஓட்டுவது என்ற வழக்கும் வரும்.

5. உடுப்பும் மூட்டையும்

நம் ஊர்த் திருவிழாவில் மஞ்சள் நீராட்டு பார்த்திருப்பீர்கள். முறைப்பெண், முறைப்பையன் என்று பார்த்து மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். இங்கே முறையெல்லாம் கிடையாது, கண்ணில் பட்டவர் மேல் ஒயின். அதுவும் கறைபடியும் அடர்சிவப்பு ஒயின். வைக்கிங் வேடம் போட்டவன் வாயில் வைத்துக் குடித்துக்கொண்டே மீதியை உங்கள் தலையில் கவிழ்ப்பான், பிறகு கட்டிப்பிடித்துத் தோளில் தட்டுவான். கோபித்துக்கொள்ளும் இடம் இல்லை அது.

ஆகவே தூக்கிப் போடத் தயாரான சட்டை, கால்சட்டை. ஈரத்தில் வழுக்காத பழைய ஷூ. கரை சேறும் நாணலுமாக இருக்கும், செருப்பு உதவாது. மாற்றுடையைப் பிளாஸ்டிக் பையில் கட்டி முதுகுப் பையில் வையுங்கள். போனுக்குக் கழுத்தில் மாட்டும் நீர்ப்புகா உறை. பாஸ்போர்ட் இருந்தால் அதையும் இரட்டை உறையில் போடுங்கள். ஒயினில் நனைந்த விசாத் தாளைக் காட்டி எந்த அதிகாரியிடமும் விளக்கம் சொல்லும்படி ஆகக் கூடாது. காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் அன்று கண்ணாடிக்கு மாறுங்கள். கலீசியா என்றால் மழை என்பார்கள், ஆகஸ்ட்டில் காலையில் மூடுபனியும் மதியம் சுள்ளென்ற வெயிலும்தான். தொப்பி வேண்டும்.

வேடம் கட்டாயம் இல்லை. ஆசை இருந்தால் அங்கே சந்தையிலேயே கொம்பு வைத்த தொப்பி, தோல் உடை எல்லாம் விற்கிறார்கள். (வைக்கிங்குகள் கொம்புத் தொப்பி போட்டதே இல்லை என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அதைக் கத்தோய்ராவில் போய்ச் சொல்லாதீர்கள்.) அக்கா மகன் பாரிஸ் கார்னரில் ஒரு பிளாஸ்டிக் கோடரி வாங்கி, அதைக் கைப்பையில் வைத்துவிட்டான். விமான நிலையப் பரிசோதனையில் எடுத்துப் போட்டுவிட்டார்கள். வாள், கோடரி மாதிரி இருக்கிற எதுவும், பிளாஸ்டிக்கே ஆனாலும், செக்கின் பெட்டியில்தான் போக வேண்டும்.

கப்பலில் ஏற முடியுமா என்று கேட்பவர்களுக்கு: அது ஊர்க்காரர்களின் உரிமை. ஆண்டு முழுக்கத் தயார் செய்கிறவர்கள் அவர்கள். நமக்குக் கரைதான்.

6. அந்த ஞாயிறு

காலை பத்து மணிக்குள் கத்தோய்ராவில் இறங்கிவிடுங்கள். நிலையத்திலிருந்து விழா இடத்துக்கு நடந்தே போகலாம். வழி கேட்கத் தேவையில்லை, தோல் போர்த்தியவர்கள் போகும் பக்கம் போனால் போதும். இடிந்து நிற்கும் பழைய கோபுரங்கள் ஆற்றோரத்தில் தெரியும். தோர்ரெஸ் டி ஓஎஸ்தே என்று பெயர். கொள்ளையரைத் தடுக்கக் கட்டிய கோட்டையில் மிஞ்சியது அவ்வளவுதான்.

எங்கே நிற்பது என்பதுதான் முக்கியம். கப்பல் கரை தட்டும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றால் எல்லாம் தெரியும், முழுக்க நனைவீர்கள். கோபுரத்தை ஒட்டிய மேட்டில் நின்றால் தலைகளுக்கு மேலே பாய்மரம் தெரியும், ஓரளவு காய்ந்திருப்பீர்கள். குழந்தைகள், வயதானவர்கள் இருந்தால் மேடுதான். பதினொரு மணிக்குப் பிறகு இரண்டு இடமும் கிடையாது. இறங்கும் நேரம் ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் முன்பின் ஆகும், அந்த ஆண்டு நிகழ்ச்சி நிரலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது ஆண்டு நாங்கள் கீழே, நாணலுக்குப் பக்கத்தில் நின்றோம். முதலில் எதுவும் தெரியவில்லை. கொம்பு ஊதும் சத்தம் மட்டும் ஆற்று வளைவுக்கு அப்பாலிருந்து வந்தது, நம் கோயிலில் கொம்பு ஊதினால் அடிவயிற்றில் ஒரு அதிர்வு வருமே, அதேதான். கூட்டம் அப்படியே அடங்கியது. பிறகு பாய் தெரிந்தது, அதற்குக் கீழே துடுப்புகள். கிட்ட வர வர முகம் கருப்பு பூசியவர்கள் கேடயத்தைத் தட்டிக்கொண்டு கத்துகிறார்கள். கப்பல் சேற்றில் உரசி நின்றதும் இடுப்பளவு தண்ணீரில் குதித்தார்கள். கரையில் இருந்த ஊர்க்காரர்கள் மரக்கோலும் கேடயமுமாக ஓடி இறங்கினார்கள். இருபது நிமிடம் இருக்குமா, யார் யாரை அடிக்கிறார்கள் என்றே புரியவில்லை. எனக்குப் பக்கத்தில் ஒரு பாட்டி, நல்ல உடுப்பில், காதில் தோடு, ஒரு கையில் நாற்காலி. அவர் பேரன் போலிருக்கிறது, முழுக்கச் சேறாகி வந்து அவர் காலில் விழுந்து செத்துப்போனான். பாட்டி குனிந்து அவன் மூக்கைத் துடைத்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் ஒயின். நான் தப்பித்தேன் என்று நினைத்துத் திரும்பியபோது பின்னாலிருந்து வந்தது.

7. சாப்பாடு

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கத்தில் பெரும்பாலான கடைகள் அடைப்பு. தண்ணீர், பழம், பிஸ்கட் எல்லாம் சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். மதியச் சாப்பாடு அவர்களுக்கு இரண்டு மணிக்கு மேல், இரவுச் சாப்பாடு ஒன்பதுக்கு மேல். நம் வயிறு அதுவரை பொறுக்காது.

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்குத் திண்டாட்டமே இல்லை. அந்தக் கழிமுகமே சிப்பி வளர்க்கும் இடம். ஆவியில் வேகவைத்த சிப்பி, மரத்தட்டில் மிளகாய்த்தூள் தூவி ஆலிவ் எண்ணெய் ஊற்றிய ஆக்டோபஸ், மீன் அடைத்த எம்பனாதா என்று கையில் ஏந்திச் சாப்பிட நிறைய. சில்லறை யூரோவாகக் கையில் வைத்திருங்கள், கூட்டத்தில் கார்டு இயந்திரத்துக்குக் காத்திருக்க முடியாது.

சைவர்கள் கவனிக்க. 'சாலட்' என்று கேட்டால் மேலே டுனா மீனைப் போட்டுக் கொடுப்பார்கள், அது அவர்களுக்கு மீன் கணக்கிலேயே சேராது. "ஸின் கார்னே, ஸின் பெஸ்காதோ, ஸின் அதூன்" என்று மூன்றையும் சொல்லுங்கள்: இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம், டுனாவும் வேண்டாம். நம்பிச் சாப்பிட தெத்தீயா பாலாடைக்கட்டி, ரொட்டி, முட்டை சாப்பிடுகிறவர் என்றால் உருளைக்கிழங்கு ஆம்லெட். எல்லாவற்றையும்விடப் பக்கத்து ஊர் பத்ரோன் பச்சை மிளகாய். முழுசாக எண்ணெயில் வாட்டிக் கல்லுப்புத் தூவித் தருவார்கள். சிலது காரும், சிலது காராது என்று அவர்களே பழமொழி வைத்திருக்கிறார்கள். நமக்கு எதுவும் காரவில்லை. அக்கா மகன் இரண்டு தட்டு முடித்துவிட்டு, "ஊறுகா பாக்கெட்ட கொண்டாந்திருக்கலாம் மாமா" என்றான்.

8. மொத்தம் எவ்வளவு

ஆளுக்கு, நாங்கள் இரண்டாவது முறை செலவழித்தது: விமானம் 82,000 ரூபாய். விசா, சேவைக் கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்த்து 13,000 சொச்சம். அறையில் பாதிப் பங்கு மூன்று இரவுக்கு 140 யூரோவுக்கு மேல். மாட்ரிட்டில் ஓர் இரவுக்கு 50. ரயில் எல்லாமாக 90. சாப்பாடு ஒரு நாளைக்கு 30. விழாவுக்கு பூஜ்ஜியம். இவ்வளவு செலவழித்து ஒரு ஞாயிறுக்காகப் போவதா என்று கேட்டால், கூட நாலு நாள் சேர்த்துக் கலீசியாவைச் சுற்றுங்கள். விசாவுக்கும் திட்டம் நம்பும்படி இருக்கும்.

9. திரும்புவது

அங்கே ஆகஸ்ட்டில் சூரியன் மறைய இரவு பத்து மணி ஆகிவிடும். வெளிச்சம் இருக்கிறதே என்று உட்கார்ந்திருப்பீர்கள், ரயில் போய்விடும். போனில் அலாரம் வையுங்கள். முன்பே எடுத்த டிக்கெட்டுக்கு அரை மணி முன்னால் நடைமேடையில் நில்லுங்கள், ஏறக் கூட்டம் தள்ளும். அந்த ரயிலை விட்டால் டாக்சிக்குப் போன் போட்டுப் பயனில்லை, எல்லாரும் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

ஏறுவதற்கு முன் மாற்றுடைக்கு மாறிவிடுங்கள். நனைந்த துணியை உருட்டிப் போட ஒரு கருப்புக் குப்பைப் பையும் கையோடு இருக்கட்டும். நாங்கள் அதைக் கொண்டுபோகவில்லை. விடுதிக்குள் நுழைந்ததும் வரவேற்பு மேசையில் இருந்தவர் எங்களை ஒரு பார்வை பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. மேசைக்குக் கீழே குனிந்து ஒரு கட்டிலிருந்து இரண்டு பையைக் கிழித்து நீட்டினார்.